காணாத யந்திரமும் கட்டளைச் சொல்லும்

பிழைப்பை நாடிப் புறப்பட்ட தமிழர் எவ்வூரில் குடியேறினாலும், அவ்வூரின் மண்ணோடு தம் வியர்வையையும், அவ்வூரின் பேச்சோடு தம் சொற்களையும் கலந்தே வாழ்ந்திருக்கின்றனர். அங்ஙனம் உருவான ஊர்களுள் ஒன்று கருநாடக மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள கோலார் தங்கவயல். அவ்வூரைப் பற்றிப் பேசப் புகுந்தால் எல்லாரும் தங்கத்தைப் பற்றியே பேசுவர். நாம் இன்று பேசப்போவது தங்கத்தைப் பற்றி அன்று. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இயங்கும் ஒரு பெரிய யந்திரத்திற்கு மனிதன் எவ்வாறு கட்டளையிட்டான், அக்கட்டளை பிழைபடாதிருக்க என்னென்ன ஏற்பாடுகள் செய்துகொண்டான் என்பதே இன்றைய பொருள்.

இப்பொருளை இன்று எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, பிள்ளைகளின் தேர்வு முடிவு, ஊரிலிருந்து வரும் தொலைபேசிப் படம் ஆகிய யாவும் இக்காலத்தில் நம் வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள யந்திரத்தில் இருப்பதில்லை. எங்கோ தொலைவில், ஆயிரக்கணக்கான கணினிகள் அடுக்கப்பெற்ற கூடங்களில் அவை காக்கப்படுகின்றன. அக்கணினிகளைச் சர்வர் என்கின்றனர். அவற்றின் ஆற்றலை வேண்டியபோது வேண்டிய அளவு வாடகைக்குப் பெறும் முறைக்கு மேகக்கணிமை என்று பெயர். அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் இச்சேவையைப் பொதுவில் விற்கத் தொடங்கியது. 2016இல் மும்பையிலும், 2022இல் ஐதராபாத்திலும் அதன் கூடங்கள் திறக்கப்பெற்றன. இச்சர்வர்களை ஆளும் பொறியாளர் அவற்றை நேரில் காண்பதே இல்லை. தம் மேசைமீதிருந்து கட்டளைகளை அனுப்புகிறார், அவ்வளவே.

அக்கட்டளைகள் நேற்றுவரை ஒரு தனி மொழியில் இருந்தன. எழுத்து ஒன்று மாறினாலும், புள்ளி ஒன்று தவறினாலும் யந்திரம் ஏற்காது. இப்போது நிலை மாறிவருகிறது. செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றை மேகக்கணிமையோடு இணைத்துவிட்டு, “நேற்றிரவிலிருந்து மெதுவாக இயங்கும் சர்வர் எது? அதற்குத் துணையாக இன்னொன்றைச் சேர்” என்று நாம் பேசும் மொழியிலேயே சொன்னால், அவ்வுதவியாளர் பொருளுணர்ந்து, உரிய கட்டளைகளைத் தானே அமைத்து நிறைவேற்றுகிறது. இது வியப்புக்குரியதே. ஆயினும் வியந்து நின்றுவிடாமல், இதன் நன்மை தீமைகளை எடைபோட வேண்டுமானால், இதே வகையான சிக்கலை நம் முன்னோர் ஒருமுறை எதிர்கொண்ட இடத்தைச் சென்று காண்பது பயன்தரும். அந்த இடந்தான் தங்கவயல்.

1802ஆம் ஆண்டில் எல்லை அளக்கும் பணிக்காக வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் என்பவர், அப்பகுதிக் கிராமத்தார் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். எழுபது ஆண்டுகள் கழித்து, படையிலிருந்து ஓய்வுபெற்ற மைக்கேல் லவேல் என்பவர் அங்குச் சுரங்கம் தோண்ட மைசூர் அரசிடம் விண்ணப்பித்து, 1875இல் உரிமம் பெற்றார். அவருடைய கைப்பொருள் அதற்குப் போதவில்லை. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்ற பின்னரே சுரங்கங்கள் செழித்தன. மைசூர்ச் சுரங்கம், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்பவை அவற்றுள் பெயர்பெற்றவை. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பங்குடும்பமாக மக்கள் அங்கே சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். நிலமற்ற உழவுத் தொழிலாளராயிருந்து, சாதியின் கொடுமையையும் பஞ்சத்தின் கொடுமையையும் ஒருங்கே அனுபவித்தவர்.

சுரங்கம் ஆழமாக ஆழமாக, அதனை இயக்கும் ஆற்றலுக்குத் தட்டுப்பாடு மிகுந்தது. நீராவி யந்திரங்களுக்கு வேண்டிய எரிபொருளைத் தொலைவிலிருந்து பெரும் பொருட்செலவில் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்நாளில் மைசூர்ச் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் கே. சேஷாத்திரி ஐயர். பாலக்காட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1883 முதல் 1901 வரை திவான் பதவி வகித்தவர். சிவசமுத்திரத்தில் வீழும் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்து, அதனைத் தங்கவயலுக்குக் கம்பிவழி அனுப்பும் திட்டத்தை, கனடாவில் பிறந்த இராணுவப் பொறியாளரான ஜோலி டி லோட்பினியர் வகுக்க, திவான் அதனை ஊக்கி நடத்தினார். சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனம் நீர்ச்சுழலிகளையும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் மின் யந்திரங்களையும் அளித்தன. 1902ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மின்சாரம் ஓடியது. அதனைக் காணச் சேஷாத்திரி ஐயர் உயிரோடில்லை. முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.

சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்குத் தொலைவு 92 மைல். ஏறக்குறைய 148 கிலோமீட்டர். அந்நாளில் உலகத்தின் மிக நீண்ட மின்கம்பித் தொடர்களுள் அஃது ஒன்று. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரியத் தொடங்கியது 1905ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே தங்கவயலின் யந்திரங்கள், தாம் காணாத ஓர் அருவியின் ஆற்றலால் சுழன்றன. சுரங்க நிறுவனங்கள் அருவியையும் வாங்கவில்லை, மின்நிலையத்தையும் கட்டவில்லை. ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்தன. மேகக்கணிமையின் வாணிப முறையும் இதுவே. யந்திரத்தை வாங்காதே, அதன் ஆற்றலை வாங்கு என்பதே இரண்டிற்கும் அடிப்படை.

தொலைவிலிருந்து வரும் ஆற்றல் வசதியைத் தருவதோடு சார்பையும் கொண்டுவருகிறது. கோடையில் காவிரியில் நீர் குறைந்தால் தங்கவயலுக்கு மின்சாரம் குறைந்தது. அக்குறையைத் தீர்க்க வேண்டியிருந்ததும் கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர் அணை 1911இல் தொடங்கப்பெற்றதற்கு ஒரு முக்கிய காரணம். அணை எழவே, கீழே தஞ்சைக் கழனிகளுக்கு வரும் நீரைப் பற்றிச் சென்னை அரசுக்கும் மைசூர் அரசுக்கும் வழக்கு வலுத்து, 1924இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சுரங்கத்தின் அடியில் பாறையுடைத்த தமிழ்த் தொழிலாளிக்கும், தஞ்சையில் நாற்று நட்ட தமிழ் உழவனுக்கும் இடையே, அவ்விருவரும் அறியாமலே ஒரு கம்பி ஓடியது என்று சொல்லலாம். ஒரு பேராற்றலைத் தொலைவில் வைத்து ஆளத் தொடங்குங்கால், அதன் விளைவுகளும் தொலைவிலேயே நிகழும். கட்டளையிடுபவர் கண்ணுக்கு அவை படுவதில்லை.

இனி, கட்டளையின் பக்கம் வருவோம். தங்கவயல் சுரங்கங்கள் காலப்போக்கில் 3,000 மீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டின. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் இடம்பெற்றன. அவ்வளவு ஆழத்திற்கும் மனிதர் ஒரே கயிற்றில் இறங்குவதில்லை. கட்டங்கட்டமாக, ஒரு நேர்க்குழியிலிருந்து இன்னொரு நேர்க்குழிக்கு மாறி இறங்குவர். ஒவ்வொரு குழியின் தலையிலும் பெரிய உருளை ஒன்று. அதில் சுற்றிய எஃகுக் கயிற்றின் முனையில் கூண்டு. முதலில் நீராவியாலும் பின்னர் மின்சாரத்தாலும் அவ்வுருளை சுழன்றது. அதனை ஓட்டுபவர் ஓட்டுநர் அறையில் அமர்ந்திருப்பார். கூண்டை அவர் காண முடியாது. அதில் ஏறுபவர் யார், எத்தனை பேர், கதவு அடைத்தாயிற்றா, ஒருவன் கால் வெளியே இருக்கிறதா என்பதொன்றும் அவருக்குத் தெரியாது. ஆயினும் அத்தனை உயிர்களும் அவர் கையிலுள்ள பிடியைச் சார்ந்திருந்தன.

இந்த இடைவெளியை நிரப்பியது ஒரு மணி. ஆழத்திலுள்ளவர் மணியை அடிப்பார். மேலுள்ளவர் எண்ணிக்கையைக் கேட்டு யந்திரத்தை இயக்குவார். இந்தியச் சுரங்க விதிகள் இம்மணிக் குறிகளை வரையறுத்தன. ஓடிக்கொண்டிருக்கும் கூண்டை நிறுத்துவதற்கு ஒரே ஓர் அடி. கீழே இறக்குவதற்கு இரண்டு. மனிதர் ஏறப்போகின்றனர் என்று அறிவிப்பதற்கு மூன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து ஒலித்த ஓரூரில், எல்லார்க்கும் பொதுவான மொழியாக மணி விளங்கியது. இலக்கணமே இல்லாத அம்மொழியின் அகராதி சுவரில் மாட்டிய ஒரு பலகைக்குள் அடங்கிவிடும். ஆனால் அதன் அமைப்பில் அடங்கியுள்ள அறிவை நாம் ஊன்றி நோக்கவேண்டும்.

முதலாவது, மிகச் சுருக்கமான குறி நிறுத்துவதற்கே கொடுக்கப்பட்டது. ஆபத்தில் இருப்பவன் நான்கு முறை அடித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஓர் அடி அடித்தால் போதும். இரண்டாவது, மனிதர் ஏறும் குறிக்கு மறுமொழி உண்டு. கீழிருந்து மூன்று அடி வந்தால், மேலிருந்தும் மூன்று அடி திரும்பிச் செல்லவேண்டும். அதனைக் கேட்ட பின்னரே மனிதர் கூண்டில் கால்வைக்கலாம். கட்டளை போய்ச் சேர்ந்தது என்பது மட்டுமன்று, சரியாகவே புரிந்துகொள்ளப்பட்டது என்பதற்கும் அம்மறுமொழியே சான்று. மூன்றாவது, மணியை அடிக்க எல்லார்க்கும் உரிமையில்லை. அதற்கென அமர்த்தப்பெற்றவரே அடிக்கலாம். நான்காவது, ஓட்டுநர் வேலையிலிருக்கும்போது பிறர் அவரோடு பேச்சுக்கொடுத்தல் கூடாது. ஐந்தாவது, இத்தனைக்குப் பிறகும் மனிதன் தவறக்கூடும் என்பதால், கூண்டு குழியின் வாயைத் தாண்டி மேலே இழுபட்டுவிடாதபடி தானே தடுக்கும் பொறியும் வைக்கப்பட்டது. சொல்லைக் காத்த பின்னரும், சொல் தவறினால் யந்திரமே தன்னைத் தடுத்துக்கொள்ளட்டும் என்பது அந்த ஐந்தாம் விதியின் கருத்து.

இவ்வைந்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு, மேகக்கணிமைக்குத் திரும்புவோம்.

மனித மொழியில் யந்திரத்திற்குக் கட்டளையிடும் முயற்சி புதியதன்று. 1968 முதல் 1970 வரை அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டெரி வினோகிராட் என்னும் ஆய்வாளர் ஒரு கணினி நிரலை உருவாக்கினார். வண்ணக் கட்டைகளும் கூம்புகளும் நிறைந்த ஒரு கற்பனை மேசை. சாதாரண ஆங்கிலத்தில் ஆணையிட்டால் நிரல் கட்டைகளை எடுத்து அடுக்கும். மேசைமீது கூம்புகள் பல இருக்க, வெறுமனே ‘கூம்பு’ என்று சொன்னால், எந்தக் கூம்பு என்று விளங்கவில்லை என அது மறுமொழி சொல்லும். அந்த மறுவினாதான் அதன் அறிவு. ஆனால் அந்த மேசைக்கு அப்பால் அதற்கு உலகமில்லை. இன்றைய உதவியாளர்களுக்கோ உலகத்து எழுத்துகளெல்லாம் கல்வி. ஆதலின் அவை எதைப் பற்றியும் பேசும். பேசுவது வேறு, செய்வது வேறு அல்லவா? பேசும் உதவியாளரைச் செய்யும் யந்திரங்களோடு இணைக்க ஒரு பொது ஏற்பாடு தேவைப்பட்டது.

முன்பெல்லாம் ஒவ்வோர் உதவியாளருக்கும் ஒவ்வொரு யந்திர அமைப்புக்கும் இடையே தனித்தனி இணைப்பு எழுதவேண்டியிருந்தது. பத்து உதவியாளரும் பத்து அமைப்புகளும் இருந்தால் நூறு இணைப்புகள். 2024ஆம் ஆண்டு நவம்பரில் ஆந்த்ரோப்பிக் என்னும் நிறுவனம், மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதன் வேலைமுறை எளிது. யந்திர அமைப்பின் பக்கத்தில், செய்யக்கூடிய செயல்களின் பட்டியல் ஒன்று இருக்கும். சர்வர்களின் பெயர்களைக் காட்டு, ஒரு சர்வரைத் தொடங்கு, ஒன்றை அணை, பதிவேட்டைப் படி என ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பெயர், அதன் விளக்கம், அதற்குத் தரவேண்டிய விவரங்கள் அப்பட்டியலில் எழுதப்பட்டிருக்கும். உதவியாளர் நம் வாக்கியத்தைக் கேட்டு, பட்டியலிலிருந்து தக்க செயலைத் தேர்ந்து, விவரங்களை நிரப்பி அனுப்புகிறது. வரும் விடையைப் படித்து நமக்கு நம் மொழியில் சொல்கிறது.

கூர்ந்து நோக்கினால், இதில் மணிப்பலகையே மீண்டும் வந்திருப்பதைக் காணலாம். நாம் பேசும் மொழி கடல்போல் விரிந்தது. யந்திரம் ஏற்கும் செயல்களோ ஒரு பலகையில் அடங்குவன. இரண்டிற்கும் நடுவே நிற்கிறது உதவியாளர். தங்கவயலில் மனிதன் தன் எண்ணத்தைத் தானே சுருக்கி மூன்று அடியாக மாற்றினான். இன்று அச்சுருக்கும் வேலையை யந்திரத்திடம் ஒப்படைக்கிறோம். வசதியும் அங்கேதான் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனாதலின், அவ்வாபத்தை நான் நன்கு உணர்கிறேன். ‘நிறுத்து’ என்னும் தமிழ்ச்சொல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வண்டியை நிறுத்து என்றால் ஓட்டத்தை முடி என்று பொருள். கம்பத்தை நிறுத்து என்றால் நட்டு நிலைபெறச் செய் என்று பொருள். தேர்தலில் ஒருவரை நிறுத்தினார்கள் என்றால் அவரை ஓயச்செய்தார்கள் என்றா கொள்வோம்? ‘எடு’ என்பதும் அத்தகையதே. பழைய ஏட்டை எடு என்றால் கையிலெடுத்து வா என்றும் ஆகும், அவ்விடத்தினின்றும் நீக்கு என்றும் ஆகும். வீடு எடுத்தான் என்றால் கட்டினான் என்றும் பொருள்படும். மனிதர் நடுவே இவை குழப்பம் விளைப்பதில்லை; சூழலைக் கண்டு பொருள் கொள்கிறோம். “அந்தப் பழைய சர்வர்களை எடுத்துவிடு” என்று இரவு பதினொரு மணிக்குச் சோர்ந்த ஒருவர் எழுதினால், ‘அந்த’ என்பது எந்த, ‘பழைய’ என்பது எத்தனை நாள் பழையது என்பவற்றை யார் முடிவுசெய்வது?

நம் வரலாற்றில் இத்தகைய நடுவர்களுக்குத் துபாஷி என்று பெயர். இருமொழி அறிந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். ஆனால் துபாஷிகள் பேச்சை மட்டும் மாற்றித் தந்தவர் அல்லர். வாணிபம் பேசினர், கடன் கொடுத்தனர், ஆள் அமர்த்தினர். புதுச்சேரியில் டூப்ளே காலத்தில் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, 1736 முதல் 1761 வரையுள்ள காலத்தைக் காட்டுவது. அதனைப் படிப்போர்க்கு, மொழிபெயர்ப்பவரின் கையில் எவ்வளவு அதிகாரம் தானாகவே வந்து சேர்கிறது என்பது விளங்கும். செயற்கை நுண்ணறிவு உதவியாளரும் வெறும் மொழிபெயர்ப்பாளர் அன்று, துபாஷியே. சொல்லை மாற்றுவதோடு செயலையும் செய்கிறது. அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பவர் கோப்பை மொழிபெயர்க்கலாம், ஆணையில் கையொப்பமிடலாகாது. அவ்விரண்டும் ஒரே கையில் சேரும்போது எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

இவ்வெச்சரிக்கை கற்பனையில் எழுந்ததன்று. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், அமெரிக்காவின் வட வர்ஜீனியாவிலுள்ள அமேசான் கூடத்தில், உரிமை பெற்ற பொறியாளர் ஒருவர், எழுதிவைத்த முறைப்படியே, சில சர்வர்களை மட்டும் விலக்குவதற்கு ஒரு கட்டளையிட்டார். அதில் ஒரு விவரம் தவறாகப் பதிவாயிற்று. சிலவற்றிற்குப் பதிலாகப் பல சர்வர்கள் விலகின. எண்ணற்ற இணையதளங்கள் நான்கு மணி நேரத்திற்கு மேல் முடங்கின. சேவை நலமாயிருக்கிறதா என்று உலகிற்கு அறிவிக்கும் பலகையும் அதே அமைப்பைச் சார்ந்திருந்தமையால், கெட்டுவிட்டது என்பதைக்கூட உடனே அறிவிக்க இயலவில்லை. மணிக்கயிற்றையும் கூண்டின் கயிற்றோடு சேர்த்தே கட்டியிருந்தால் என்னாகும், அதுவே அங்கு ஆயிற்று. பின்னர் அந்நிறுவனம் செய்த திருத்தம் குறிக்கத்தக்கது. சர்வர்களை மெதுவாகவே விலக்கும்படியும், இன்றியமையாத அளவுக்குக் கீழே எந்தக் கட்டளையாலும் குறைக்க முடியாதபடியும் கருவியை மாற்றியமைத்தது. சுரங்கக் கூண்டு வாயைத் தாண்டாமல் தடுத்த பொறியின் உறவினன்தான் அந்தத் திருத்தம்.

அன்று தவறியது மனிதக் கை. 2025ஆம் ஆண்டு ஜூலையில் வேறொரு நிகழ்ச்சி உலகெங்கும் பேசப்பட்டது. ஒருவர் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைக் கொண்டு ஒரு மென்பொருளை உருவாக்கிவந்தார். இனி மாற்றம் எதுவும் செய்யாதே என்று அவர் தடைவிதித்திருந்தும், அவ்வுதவியாளர் பயன்பாட்டிலிருந்த தரவுத் தொகுதியை அழித்துவிட்டது. மீட்க இயலாது என்றும் சொன்னது. பின்னர் அவரே முயன்றபோது மீட்க முடிந்தது. இதில் கருதத்தக்கவை இரண்டு. தடை சொல்லில் மட்டும் இருந்தது, பொறியில் இல்லை. செயலின் விளைவைப் பற்றிய அறிக்கையையும், செயலைச் செய்த அதே உதவியாளரிடமே கேட்க வேண்டியிருந்தது. சொல்கிறவன் சொன்னால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போயிற்று என்பது நம் பழமொழி. கேட்பது யந்திரமாயின், அந்த மதியை நாம் முன்கூட்டியே விதிகளாக அமைத்துவைக்க வேண்டும்.

அமைப்பது இயலாததும் அன்று. மறுமொழி மணிக்கு நிகரான வழக்கம் பொறியாளரிடையே ஏற்கெனவே உண்டு. 2014இல் வெளிவந்த டெராஃபார்ம் என்னும் கருவி, எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன், எவை சேரும், எவை மாறும், எவை அழியும் என்று பட்டியலிட்டுக் காட்டும். ஒப்புதல் தந்த பின்னரே நிறைவேற்றும். இயற்கை மொழியில் கட்டளை பெறும் உதவியாளருக்கும் இதே ஒழுங்கை விதிக்கலாம். படித்தறியும் செயல்களைத் தடையின்றிச் செய்யட்டும்; அழிக்கும் செயல்களுக்கு மட்டும் மூன்று மணி திரும்பி ஒலிக்கட்டும். உதவியாளருக்குக் கொடுக்கும் சாவி, அது செய்யவேண்டிய வேலைக்குரிய கதவை மட்டும் திறக்கட்டும். ஊர்க் கதவையெல்லாம் திறக்கவேண்டாம்.

மணியை யார் அடிக்கலாம் என்ற விதிக்கும் புதிய பொருள் ஏற்பட்டிருக்கிறது. உதவியாளர் பதிவேடுகளையும் கடிதங்களையும் படிக்கும்போது, அவற்றுள் யாரோ ஒரு வஞ்சகர், இந்தத் தரவை எனக்கு அனுப்பு என்று ஒரு வரியைச் செருகிவைத்திருக்கலாம். படிக்கும் செய்தி எது, பணியவேண்டிய கட்டளை எது என்று உதவியாளர் பிரித்தறியத் தவறினால், வழிப்போக்கன் அடித்த மணிக்கு யந்திரம் ஓடிவிடும். மனித மொழியில் செய்தியும் கட்டளையும் ஒரே உடையணிந்து வருவதால், இக்குறை எளிதில் நீங்குவதாயில்லை.

இனி ஒரு செய்தி. தங்கவயல் வரலாற்றில் 1930ஆம் ஆண்டு மறக்கத்தகாதது. தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதிந்து பெயர் பதிவுசெய்துகொள்ள வேண்டுமென்று விதிக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். அவர்கள் யந்திரத்தையோ பதிவேட்டையோ வெறுத்தவர் அல்லர். குற்றவாளிகளிடம் எடுப்பதுபோல் உழைப்பாளிகளிடம் ரேகை எடுப்பது இழிவு என்பதும், அப்பதிவு தம்மைக் கட்டுப்படுத்தவே பயன்படும் என்பதும் அவர்தம் மனக்குறை. இன்றைய அமைப்புகளிலும் ஒவ்வொரு கட்டளையும் பதிவாகிறது. அப்பதிவு கீழுள்ள பணியாளரைக் கண்காணிக்க மட்டும் உதவுமாயின், 1930ஆம் ஆண்டின் மனக்குறை மீண்டும் எழும். கட்டளையிட்டவர் யார், அனுமதித்தவர் யார், உதவியாளருக்கு அவ்வளவு உரிமை கொடுத்தவர் யார் என்று மேலிருந்தும் கணக்குக் காட்டுமாயின், அதே பதிவு நீதிக்குத் துணையாகும்.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் உடைமையாகி, 1962இல் மத்திய அரசின்கீழ் வந்தன. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் அமைந்தது. ஏறத்தாழ 800 டன் தங்கத்தை உலகிற்குக் கொடுத்த பிறகு, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. கூண்டுகளின் மணி ஓய்ந்தது. எஞ்சியவை சயனைடு கலந்த மண்மேடுகளும், சுரங்கத் தொழிலாளரின் குடியிருப்பு வரிசைகளும், அவற்றை விட்டுப்போக மனமில்லாத மக்களும்தாம். அம்மக்களின் பிள்ளைகளும் பேரர்களும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, நூறு கிலோமீட்டர் கடந்து பெங்களூரில் வேலைசெய்து, இரவில் வீடு திரும்புகின்றனர். தாத்தா நாளில் ஊருக்குள் வந்த ஆற்றலைத் தேடி, பேரன் நாளில் ஊர் வெளியே போகிறது.

மேகக்கணிமையைப் பேச்சுமொழியால் ஆளும் முறை பரவுமாயின், இத்தகைய இளைஞர்க்கு ஒரு நன்மை வரக்கூடும். யந்திரத்தின் தனிமொழியையும், அதற்கு முன் ஆங்கிலத்தையும் கற்றவரே நுழையலாம் என்றிருந்த கதவு, தமிழில் தெளிவாகச் சிந்திக்கத் தெரிந்தவர்க்கும் சற்றே திறக்கலாம். ஆயின், தெளிவாகச் சொல்லும் ஆற்றல் அப்போதும் வேண்டியதே. முன்னினும் மிகுதியாகவே வேண்டும். தனிமொழியில் பிழை செய்தால் யந்திரம் மறுக்கும். நம் மொழியில் பிழை செய்தால், அது நமக்காகப் பொருள் ஊகித்துக்கொண்டு செய்துமுடிக்கும்.

ஆகவே இப்புதிய துபாஷியை நம் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ அமர்த்துமுன், தங்கவயலின் ஓட்டுநர் அறையில் நின்று மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். மணியை அடிக்க உரிமையுடையவர் யார்? மனிதர் உயிரையும் உடைமையையும் தொடும் கட்டளைக்கு மறுமொழி உண்டா? ஓர் அடியில் நிறுத்த முடியுமா? இவற்றிற்கு விடையில்லாமல் கயிற்றை ஓடவிடும் நிறுவனத்தில், ஆழத்தில் நிற்பவர் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்தாம். அவர் கைக்கெட்டும் இடத்தில் மணி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நம் எல்லாருடைய பொறுப்பு.